கல்வியை ஒளிக்கலாமா?

பொதுத்தேர்வுக் கூடத்தின் வாயிலில் மாணவியர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எல்லாம் படித்துவிட்டாயா?" விடையும் பெரும்பாலும் ஒன்றே: "ஒன்றுமே படிக்கவில்லை." இரவெல்லாம் கண்விழித்து ஐந்து பாடங்களையும் திருப்பிப் பார்த்தவளும் இவ்வாறே கூறுவாள். ஆசிரியப் பணியில் இதனைக் கேட்டுக் கேட்டு நாம் சிரித்ததுண்டு. சிரித்து விட்டுவிடத் தக்கதுதானா?

இச்சிறு பொய்க்குள் ஓர் அச்சம் ஒளிந்திருக்கிறது. தோழி குறிப்பேட்டைக் கேட்டுவிடுவாளோ என்னும் அச்சம் அது. "நோட்டை யாருக்கும் கொடுக்காதே" என்று சொல்லியனுப்பும் தாய்மாரையும் கண்டிருக்கிறோம். ஞானாவரணீயக் கர்மம் உயிரில் வந்து சேர்வதற்குரிய காரணங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுமிடத்து, அறிந்ததை ஒளித்தலும் பொறாமையால் சொல்லாதிருத்தலும் கற்பவர்க்கு இடையூறு செய்தலும் எண்ணப்படுகின்றன. நம் இல்லங்களில் இதனை அறியாதார் சிலரே.

பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு 100 மதிப்பெண். 35 பெற்றால் தேர்ச்சி. தோழி 35 பெறுவதால் நம் மகளின் 90 குறைந்துவிடாது. தரவரிசை வெளியிடும் வழக்கத்தையும் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பில் நிலைமை வேறு. கல்லூரி இடங்கள் அளவுபட்டவை. அங்கே ஒருத்தியின் அரை மதிப்பெண் மற்றொருத்தியின் இடத்தைப் பறிக்கவே செய்யும். இதனை மறைத்து அறம் பேசுதல் நேர்மையன்று.

பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியரிடம் கேட்பதால் வருவது கால் பங்கு. உடன்பயில்வோரோடு பழகுவதால் கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு. ஒளித்துப் படிப்பவள் முக்கால் பங்கை இழக்கிறாள் என்பது இதிலிருந்து பெறப்படும். தேல்ஸ் தேற்றத்தைப் பத்து முறை எழுதிப் பார்த்தவள், "அவ்விரு கோணங்களும் ஏன் சமம்?" என்று தோழி கேட்டதும் திகைக்கிறாள், தான் அறியாத இடம் அத்திகைப்பில்தான் தெரிகிறது. சமூக அறிவியலில் போருக்கான காரணங்களை ஒருத்தி கேட்க மற்றொருத்தி சொல்லும்போதே வரிசை நிற்கும். மனப்பாடச் செய்யுளுக்கு மட்டும் இது பொருந்தாது. அது தனியே உருப்போட வேண்டியதே.

தன் பயன் கருதிப் பகிர்வது அறமாகுமா எனச் சிலர் கேட்கலாம். பதினைந்து வயதில் அவ்வளவு தூய்மையை நாம் எதிர்பார்ப்பதில்லை. தேர்வுக்கு முன்னிரவில் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இருக்கவும் சொல்லவில்லை. "இன்று எனக்கு வேண்டும்" என்றால் போதும். "நான் எழுதவே இல்லை" என்பதுதான் குற்றம்.

நாம் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலம். பொழுது சாயுமுன் உணவை முடித்து, அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்து படிப்போம். அடுத்த தெருத் தோழி வடிவியல் குறிப்பேட்டைக் கேட்டு வந்தாள். பள்ளியிலேயே வைத்துவிட்டதாகக் கூறினோம். அது பாய்க்கடியில் இருந்தது. அவள் கணக்கில் தவறினாள். மறுமுறை எழுத வீட்டார் விடவில்லை. அவ்வாண்டே மணம் முடித்தனர். அக்குறிப்பேடு கிடைத்திருந்தால் தேறியிருப்பாளா என்பதை எவராலும் கூற இயலாது.

பின்னாளில் அவள் மகள் நம் வகுப்பில் வந்து அமர்ந்தாள். வடிவியல் பாடங்களை அச்சிறுமிக்கு மட்டும் இருமுறை சொல்லிக் கொடுத்தோம். அதற்கு நன்றி கூற அவள் தாய் ஒருநாள் வீடு தேடி வந்தாள். அன்றும் நாம் உண்மையைச் சொல்லவில்லை.