கல்லில் எழுதிய கொடை

ஈகையின் தூய்மை கொடுப்போனின் உள்ளத்தில் உள்ளதா, அன்றிப் பெறுவோனின் நிலையில் உள்ளதா? அறநூலார் நெடுங்காலம் ஆராய்ந்த இவ்வினாவைச் சென்ற விடுமுறையில் என் பேரன் ஒற்றை வாக்கியத்தில் எழுப்பினான்.

கிளிநொச்சியிலிருந்து புகையிரதமேறிப் பேரப்பிள்ளைகள் இருவரையும் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சீனத் தொடர்புடைய தொல்பொருள்களைத் தேடிச் சென்ற நாம், காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் நின்றோம். மிங் வம்சப் பேரரசர் யுங்லோவின் பெயரால் 1409 ஆம் ஆண்டுத் திகதியிடப்பெற்று, கடற்படைத் தலைவர் செங் ஹோவினால் இலங்கைக்குக் கொணரப்பட்டது அக்கல். சீனமொழியிற் புத்தரையும், தமிழில் தெய்வேந்திரமுனையிற் கோயில்கொண்ட தேனவரை நாயனாரையும், பாரசீகத்தில் இசுலாமியரின் இறைவனையும் அது போற்றுகின்றது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, நறுமண எண்ணெய் எனக் காணிக்கைக் கணக்கு நீள்கின்றது.

சீனத்துப் பேரரசன் எம்மொழியிலும் எழுதினானே என்ற பெருமிதத்தோடு இவற்றை விளக்கினேன். வரலாற்றின் மறுபாதியையும் மறைத்தேனல்லன். அதே செங் ஹோ இந்நாட்டின் ஆட்சியாளனாகிய அழகேசுவரனைப் போரிற் சிறைப்பிடித்து 1411 இல் சீனத்துக்குக் கொண்டுசென்றான். பேரரசர் பின்னர் அவனை விடுவித்தார். இதனைக் கேட்ட பேரன், “அப்பப்பா, அப்ப இது காணிக்கையா, வெருட்டலா?” என்றான்.

மூன்று சமயத்தாரையும் ஒப்ப மதித்த பெருந்தன்மை என்பர் ஒரு சாரார். கடல் வணிகத்துக்கு மூவரின் துணையும் வேண்டியிருந்தமையால் எழுந்த சூழ்ச்சி என்பர் பிறிதொரு சாரார். இரண்டும் உண்மையாகலாம், உள்ளத்தை அளக்கும் கோல் எம்மிடம் இல்லை. ஆயின் ஒன்று தெளிவு. மறுக்கவியலாதவனுக்கு அளிக்கப்படும் கொடை, எத்துணைப் பணிவான சொற்களில் எழுதப்படினும், முழுமையான கொடையாகாது. துறைமுகத்திற் படைக்கலங்கள் நிற்கையில், ‘வேண்டாம்’ என்று கூறுபவர் யார்?

வன்னியில் வாழ்வோருக்கு இஃது ஏட்டறிவன்று. 2009 இல் போர் முடிவுற்றபின் முகாமிற் கூடாரம் பெற்றோம். பின்னர் வீடு பெற்றோம். கூடாரத் துணியிலும் வீட்டுச் சுவரிலும் கொடுத்தோர் பெயர் இருந்தது. அவ்வுதவியின்றி யாம் நிமிர்ந்திருக்க முடியாது. அதனை மறத்தல் தகாது. ஆயினும் சொந்த வீட்டு வாயிலிற் பிறர் பெயரைப் படித்து நுழையும்போது மனம் சற்றே குனிவதை மறைப்பதற்கில்லை. இல்லாமை மறுக்கும் உரிமையைப் பறித்துவிடுகின்றது. அவ்வுரிமை அற்றவிடத்திற் கொடுப்போன் தன் பெயரை அடக்கிக்கொள்ளுதலே அறமாகும்.

பெயர் பொறிக்காவிடின் வரலாறு ஏது என வினவலாம். தக்க வினாவே. தேனவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 இல் அழித்தனர். அதன் பழம்புகழுக்குச் சான்று பகர்வனவற்றுள் இக்கல்லும் ஒன்று. எனவே பதிவு வேண்டும். ஆனால் அதனைச் செய்யவேண்டியவர் யார்? கொடுத்தவன் தானே பொறித்தால் அது விளம்பரம். பெற்றவன் பொறித்தால் அது நன்றி. எழுத்து ஒன்றேயாயினும் எழுதும் கை அதன் பொருளை மாற்றிவிடுகின்றது.

1911 இல் இக்கல் கண்டெடுக்கப்பட்டபோது, காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாக, எழுத்துப்பக்கம் கீழ்நோக்கிக் கிடந்தது. பேரரசரின் பெயரறியாத மக்கள் அதன்மீது நடந்து கடந்தனர். பெயர் மறைந்திருந்த அக்காலத்திலும் கல் பிறருக்குப் பயன்பட்டதென்று கூறியபோது பிள்ளைகள் சிரித்தனர்.

திரும்பும் வழியில் அவர்களுக்கு இன்னொன்றும் கூறினேன். 2009 இன் தொடக்கத்தில், இடம்பெயர்ந்து சென்ற பாதையில், முன்பின் அறியாத தாயொருத்தி, தன் பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கஞ்சியில் ஒரு சிரட்டையை நோயுற்றிருந்த என் மனைவிக்கு ஈந்தாள். மறுநாள் அவள் எங்குச் சென்றாள் என்பதை அறியேன்.

“அவவின்ர பெயர் என்ன?” என்றாள் பேத்தி.

கேட்கவில்லை என்றேன். கொடுத்தவள் சொல்லாதது அவளது அறம். பெற்ற நான் கேளாதது என் குறை.