முத்திரைக்கு வலிமை உண்டோ?

ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் யாம் தம்மம் பேசி முடித்த மாலை, கொழுந்தெடுக்கும் அம்மை ஒருவர் தம் கைத்தாயத்தைக் காட்டி, “ஐயா, இதற்கு வலிமை உண்டா?” என்று வினவினார். உள்ளிருந்த செப்புத் தகட்டில் அறுகோணம் கீறப்பட்டிருந்தது. கணவர் குடித்துவந்து அடியாதிருக்கக் கட்டியதாம். அவர் கன்னம் கன்றியிருந்தது.

இரு முக்கோணங்கள் பின்னிய அக்குறி நம் நாட்டில் முருகனுக்குரிய சக்கரம் எனப்படும். அரபியரும் மேனாட்டாரும் அதனைச் சாலொமோன் முத்திரை என்றனர். அது பொறித்த மோதிரத்தால் அம்மன்னன் பூதங்களை அடக்கினான் என்பது அவர்தம் கதை.

இப்பெயரையே ஆங்கிலத்தார் காட்டு நிழலில் வளரும் சில செடிகளுக்கும் இட்டனர். ஐரோப்பாவிலும் நம் இமயத்திலும் அவை உண்டு. ஆயுர்வேதத்தார் கூறும் மகாமேதா இவ்வினத்ததே என்பர். அதன் கிழங்கு மஞ்சளைப்போல் மண்ணுள் கிடையாக ஓடும். ஆண்டுதோறும் தண்டு ஒன்று எழுந்து, பூத்து, மடிந்து விழ, விழுந்த இடத்தில் வட்டமான வடு நிற்கும். அரக்கில் பதித்த முத்திரை போன்ற அவ்வடுவே பெயர்க்குக் காரணம் என்பாருளர். வடுக்களை எண்ணிக் கிழங்கின் வயதை அறியலாம். மந்திரம் ஒன்றுமில்லை, நிகழ்ந்தது பதிந்திருக்கின்றது, அவ்வளவே.

1597இல் வெளிவந்த தம் மூலிகை நூலில் ஜான் ஜெரார்டு என்னும் ஆங்கிலேயர், இக்கிழங்கை அரைத்துப் பூசினால் கன்றல் மறையும் என்றெழுதி, கணவர் கைமுட்டியால் மகளிர்க்கு வரும் கன்றலையும் நகையாடிச் சேர்த்தார். அந்நகை எமக்கு உவப்பன்று. காயத்துக்கு மருந்து தேடினார்; முட்டியைப் பற்றி ஏதும் கேட்டாரில்லை. தாயத்துக் கட்டிவிட்டவரும் அதனையே செய்தார். அடிப்பவர் ஒருவர், தகடு சுமப்பவர் மற்றொருவர். இது என்ன முறை?

வாசெட்ட சுத்தத்தில் பகவன், புல்லுக்கும் மரத்துக்கும் புழுவுக்கும் பிறப்பிலேயே இன அடையாளம் உண்டு, மக்களுக்கு அவ்வாறில்லை, பெயர் உலக வழக்கால் இட்டது என்றார். செயலால் உழவன், செயலால் கள்வன். அவ்வாறே அடிப்பவனும் அடிப்பதால் ஆனவன். கையை மடக்கிய அன்றே அப்பெயர் ஒழியும். இதனை யாம் நூலில் மட்டும் கற்றோமல்லோம். ஆலையில் உழைத்த நாளில் யாமும் குடித்தோம்; அப்போது எம் இடுப்பிலும் ஒரு தாயத்து இருந்தது.

அம்மையிடம் அதனை அவிழ்க்கச் சொன்னோமில்லை. குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதைச் சொன்னோம். அவர் கணவர் லயத்து வாசலில் நின்றிருந்தார். எழுந்து அவரிடம் சென்றோம்.