ஓய்வு பெறுவது ஊர்தியா, ஓட்டியவரா?

2025 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26 ஆம் நாள் சண்டீகர் விமானப் படைத் தளத்தில் ஒரு பிரியாவிடை விழா நிகழ்ந்தது. 1963 ஆம் ஆண்டில் அதே சண்டீகரில் இந்திய விமானப் படையிற் சேர்க்கப்பட்ட மிக்-21 என்னும் போர் விமானம், 62 ஆண்டுகள் பணியாற்றிய பின், அன்று படையிலிருந்து விடைபெற்றது. இறுதியாகத் தரையிறங்கிய விமானங்களுக்கு இருபுறமிருந்தும் நீரைப் பீய்ச்சி மரியாதை செய்தனர். அவற்றை ஒரு காலத்தில் ஓட்டிய முதியவர்கள் பலர் கண்கலங்க நின்றனர்.

விழா முடிந்தது. விமானம் காட்சிச்சாலைக்குச் சென்றுவிடும். அதனை நேற்றுவரை ஓட்டிய நடுவயது விமானி எங்கே செல்வார்? விழா மேடைகளில் இவ்வினா எழுவதில்லை. வீட்டுத் திண்ணைகளில் எழுகின்றது. ஒருவர் தம் இளமையைக் கொடுத்துக் கற்ற வித்தை, அவர் கையாண்ட கருவியோடு முடிந்துவிடுகின்றதா? முடியுமெனில், அந்த இழப்பு எவருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும்? இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

கவலை கோழைத்தனமா?

உயிரையே பணயம் வைக்கத் துணிந்த வீரர் உத்தியோகத்தைப் பற்றிக் கவலைப்படலாமா என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியில் ஒரு பிழை இருக்கின்றது. உயிரைக் கொடுக்க முன்வருவது ஒரு நொடியில் எடுக்கும் துணிவு. பிழைப்பைப் பற்றிய கவலையோ நாள்தோறும் உடன் உறங்கி உடன் விழிப்பது. அதிற் பங்காளிகளாக மனைவி மக்களும் இருக்கின்றனர்.

அந்தக் கவலைக்குக் காரணங்களும் உள. படை அதிகாரி ஒருவருக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டுப் பணி வேண்டும். பதினைந்தாம் ஆண்டில் நிற்பவருக்கு முன்னும் போக வழியில்லை, பின்னும் திரும்ப வழியில்லை. பயணிகள் விமானத்திற்குப் போகலாம் என்பர். அங்கே விமானத் தலைவருக்குரிய உரிமத்திற்கு 1500 மணி நேரப் பறப்பு வேண்டும். சிறிய போர் விமானம் ஒன்றின் பறப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். ஆகவே அபாயமிக்க பறப்புகளிலேயே ஆண்டுகளைக் கழித்தவரின் ஏட்டில், அமைதியாக நெடுந்தூரம் பறந்தவரின் ஏட்டிலுள்ளதை விட மணிகள் குறைவாகவே நிற்கும். அங்கேயும் ஒவ்வொரு வகை விமானத்திற்கும் தனித்தனியே தகுதி பெற வேண்டும். இவ்வளவையும் எண்ணிப் பார்ப்பவரைக் கோழை என்பது நியாயமாகாது.

கையின் அறிவும் கருத்தின் அறிவும்

கற்ற வித்தை முழுவதும் நிலைக்கும் என்று ஆறுதல் சொல்வதும் உண்மையாகாது. மிக்-21 ஒற்றை எஞ்சினும் முக்கோண இறக்கையும் கொண்டது. மணிக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடுபாதையை நெருங்குவது. எந்தக் கணத்தில் எந்த விசையை எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை அதன் விமானியின் கை, மூளையைக் கேளாமலே அறிந்திருக்கும். இந்தக் கையறிவு அந்த விமானத்தோடு போய்விடும். போய்விட்டாலும் தாழ்வில்லை, போகாமல் தங்கினால் கேடு. புதிய விமானத்தில் நெருக்கடி நேரும்போது பழைய பழக்கம் தானே எழுந்து, கை தவறான இடத்தைத் தேடக்கூடும். எனவே மாறிச் செல்பவருக்குக் கற்பது பாதி வேலை, மறப்பது மறுபாதி.

நிலைப்பது வேறொன்று. வானிலையை மதிப்பிடும் கண்ணும், அச்சத்தை அடக்கி முடிவெடுக்கும் நிதானமும், தம்மால் இயலாது என்று தோன்றும்போது கூச்சமின்றித் திரும்பிவரும் நேர்மையும் எந்த விமானத்திற்கும் உரியன. ஆயினும் இவற்றைக் கொண்டு செல்பவர் முதலில் ஒரு வாசலைக் குனிந்து கடக்க வேண்டும். நேற்றுவரை ஆசானாக இருந்தவர், இன்று வகுப்பறையில் அமர்ந்து, தம்மினும் இளையவரிடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றார். சிமுலேட்டரில் பிழை செய்து திருத்தப்படுகின்றார். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த எனக்கு, இந்தக் குனிவு எவ்வளவு கடினமானது என்பது தெரியும். அறிவு பெருகப் பெருக, மாணவராக அமரும் பலகை உயரத்தில் குறைந்துகொண்டே போகின்றது.

விதைநெல்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். சேவைக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று; எந்த விமானமும் என்றும் நிலைக்கும் என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லையே என்று நிறுவனம் சொல்லலாம். செய்த வேலைக்குச் சம்பளம் ஈடாகலாம். ஆனால் நிறுவனத்தின் கட்டளைப்படி ஒரே வழியிற் சென்றதால் அவர் அடைத்துக்கொண்ட மற்ற வழிகளுக்கு அது ஈடாவதில்லை. எந்த விமானத்தை ஓட்டுவது என்பதை விமானி தாமே தேர்ந்துகொள்வதில்லை, படையே தீர்மானிக்கின்றது. தீர்மானித்தவருக்கு விளைவிலும் பங்குண்டு. ஒருவருடைய இளமை ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ?

இதற்காகப் பழைய விமானத்தையே பறக்கவிட வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. பழுதடைந்த ஊர்தியில் உத்தியோகத்தைக் காப்பது உயிரைப் போக்கும் வழி. நாம் கேட்பது, உரிய காலத்தில் உண்மையைச் சொல்வதும், மாறுவதற்கு வழி அமைப்பதுமே. புதிதாக 83 தேஜஸ் விமானங்களுக்கு 2021 இல் ஒப்பந்தம் ஆயிற்று. மேலும் 97 விமானங்களுக்குச் சண்டீகர் விழாவின் முதல்நாள் கையொப்பமாயிற்று. ஆயினும் அந்தப் புதிய வகையில் ஒன்றுகூட விழா நாள் வரை படையின் கைக்கு வந்து சேரவில்லை. இருக்க வேண்டிய படையணிகள் 42. மிக்-21 போன பின் எஞ்சியவை 29. பழையது போய்ப் புதியது வராத இடைவெளியிலேயே மனிதர் தேங்கி நிற்கின்றனர்.

இந்த இடைவெளியைப் பிரிட்டன் எதிர்கொண்ட விதம் கருதத்தக்கது. 2010 ஆம் ஆண்டு அக்டோபரில், செலவைக் குறைக்கும் பொருட்டு, ஹாரியர் போர் விமானங்களை நிறுத்துவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. டிசம்பர் 15 ஆம் நாளே அவை கடைசியாகப் பறந்தன. இரண்டு மாதத்திற்குள் ஒரு வாழ்க்கைத் தொழிலுக்குத் திரை விழுந்தது. கடலைக் காவல் செய்யும் நிம்ராட் விமானத்தின் புதிய வகையும் அதே அக்டோபரில் கைவிடப்பட்டது. ஆனால் அங்கே ஒரு நற்செயலும் நிகழ்ந்தது. நிம்ராட் விமானங்களில் பணியாற்றியோருள் சிலரை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்கு அனுப்பி, அந்நாட்டு விமானங்களில் பணிசெய்யவிட்டு, அவர்தம் திறமை மங்காமற் காத்தனர். அத்திட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் ‘விதைநெல்’ என்பதாகும். 2020 இல் புதிய பொசைடன் விமானங்கள் வந்தபோது, காத்து வைத்த நெல் நாற்றாயிற்று.

பஞ்ச காலத்திலும் விதைநெல்லை உண்ணாதவனே உழவன். மனிதரிடமுள்ள திறமையைச் செலவாக மட்டும் காண்பவர், வரப்போகும் போகத்தின் விதையை இன்றே உலையிலிடுகின்றார்.

சாட்சி சொல்லும் நேரம்

விமானிக்கு ஒரு நுண்ணிய சோதனை உண்டு. இந்த விமானம் இன்னும் உதவுமா என்று அதிகாரிகள் கேட்கும்போது, அவர் தருவது சாட்சியம். அவ்வேளையில் விமானத்தின் மீதுள்ள அன்பும், பதவியின் மீதுள்ள ஆசையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஒன்றாக அவர் நாவில் வந்து அமரும். ‘உதவும்’ என்று சொன்னால் தம் தொழில் நீடிக்கும்; அந்த விமானத்தில் அடுத்து ஏறப்போகும் இளைஞரின் உயிர் என்னாகும்? தமக்கு எதிராகவே அமைந்தாலும் உண்மையைச் சொல்வதுதான் இங்கே வீரம். அந்த வீரத்திற்குப் பதக்கம் கிடையாது. ஆயினும், உண்மை சொன்னால் தெருவில் நிற்க நேரும் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு அவரிடம் உண்மையை எதிர்பார்ப்பதும் அறமாகாது. மாற்றுவழி அமைத்துத் தரும் நிறுவனமே நேர்மையான சாட்சியத்தையும் பெறும்.

குடும்பத்தார்க்கும் இதிற் பங்குண்டு. சீருடை கழற்றிய மகனை, ‘இப்போது என்னவாக இருக்கின்றான்?’ என்று உறவினர் கேட்கும்போது, நாம் பதவியின் பெயரைத் தேடித் தடுமாறுகின்றோம். அவர் நேற்று ஓட்டிய ஊர்தியைக் கொண்டு அவரை அளந்தோமானால், அது போனதும் அவரையும் இழந்தவராவோம். கருவி ஓய்வு பெறட்டும். இரும்பிற்கு அதுவே விதி. அதைக் கையாண்டவரிடம் எஞ்சியிருக்கும் விதைநெல்லைப் பேணுவது, அவருக்கும் நமக்கும் உரிய பொதுக் கடமை.