கெட்டுப்போகட்டும், திறந்து பார்!

"தொடாதே, கெட்டுப்போயிடும்!" நம் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் கேட்டு வளரும் வசனம் இதுதான். டிவி வாங்கிய அன்றும் சொன்னார்கள், வாஷிங் மெஷின் வந்த அன்றும் சொன்னார்கள், இன்றைக்கு வைஃபை பெட்டிப் பக்கம் போனாலும் சொல்கிறார்கள். காசு போட்டு வாங்கியவர்களின் பயம் அது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைப் பரம்பரைச் சொத்து மாதிரி நீயும் வாங்கி வைத்துக்கொண்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தாய். காலேஜில் நெட்வொர்க்கிங் பேப்பர் எழுதிப் பாஸும் பண்ணினாய். இன்றுவரை ஒரு சர்வரைக் கையால் தொட்டிருக்கிறாயா?

"கீழ்பென்னாத்தூர்ல உக்காந்துக்கிட்டு சர்வரா?" என்று சிரிக்காதே. சர்வர் என்றால் சிறுசேரியில், ஏசி போட்ட கட்டடத்தில், செக்யூரிட்டி நிற்கும் கதவுக்குப் பின்னால் இருப்பது என்று உனக்குள் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். உலகத்தின் முதல் வலை சர்வர் எங்கே இருந்தது தெரியுமா? 1990-ல் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்த கறுப்புக் கம்ப்யூட்டர்தான் அது. யாராவது சுவிட்சைத் தட்டிவிடப் போகிறார்கள் என்று, இது சர்வர், அணைக்காதீர்கள் என்ற பொருளில் சிவப்பு மையில் கையால் எழுதி அதன்மேல் ஒட்டி வைத்தார். மிக்ஸி போட அம்மா பிளக்கைப் பிடுங்குவாரே, அதற்கும் அதே துண்டுச்சீட்டுதான் மருந்து. தமிழில் எழுது, கொட்டை எழுத்தில் எழுது. கூகுளைத் தொடங்கியவர்களும் ஸ்டான்ஃபோர்டில் படித்த காலத்தில் தங்கள் ஹார்டு டிஸ்குகளை லெகோ கட்டைகளால் கட்டிய கூட்டுக்குள்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்களும் உன்னைப் போல மாணவர்கள்தான்.

மெஷினுக்கு எங்கே போவது என்கிறாயா? பரணைப் பார். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த அண்ணனோ அக்காவோ இருக்கும் வீட்டில், பீரோ மேலேயோ பழைய புத்தக மூட்டைக்கு நடுவிலேயோ அந்த லேப்டாப் கிடக்கும். சார்ஜர் வேறு மூலையில் கிடக்கும், தேடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த லேப்டாப்கள் பலவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். அது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. உலகெங்கும் சர்வர்களில் ஓடுகிற அதே டெபியன்தான்! கையில் வந்த முதல் வாரமே அதை அழித்துவிட்டு, கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுப் பாட்டுக் கேட்டோம். அரசு சர்வரைக் கையில் கொடுத்தது, நாம் ரேடியோவாக்கினோம். போகட்டும், இப்போது திருப்பி எடு.

முதலில் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ, காலேஜ் போட்டோவையெல்லாம் வேறு இடத்தில் காப்பி எடுத்து வை. பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டு. 2 ஜிபி ரேம்தான் இருக்கிறதே என்று தயங்காதே. ஜன்னல், வால்பேப்பர் எதுவும் இல்லாத வெறும் டெபியனுக்குச் சில நூறு எம்பி போதும். பென்டிரைவில் டெபியனை ஏற்றி, லேப்டாப்பை ரௌட்டரோடு லேன் கேபிளில் இணைத்துவிட்டு இன்ஸ்டால் பண்ணு. மொழி கேட்கும் இடத்தில் தமிழும் இருக்கும், பார்த்துச் சந்தோஷப்படு. ஆனால் ஆங்கிலத்தையே தேர்ந்தெடு என்பேன். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வந்தால்தான் தேடிப் பிடிக்க வசதி. கடைசியில் எதையெல்லாம் சேர்க்கட்டும் என்று ஒரு பட்டியல் வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டி டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிடு, வேறு மெஷினிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச் சர்வருக்கு டிக் போடு.

மெஷின் மறுபடி எழும்போது கறுப்புத் திரையும் ஒரு கோடும்தான் இருக்கும். இங்கேதான் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள். பெயரை அடிப்பாய், வரும். பாஸ்வேர்டு அடிப்பாய், திரையில் புள்ளிகூட விழாது. "கீபோர்டு போச்சு" என்று நினைப்பாய். கீபோர்டுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் நிற்பவருக்கு எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். முழுசாக அடித்து எண்டரைத் தட்டு. உள்ளே போய்விட்டாயா? இனி லேப்டாப்பை மூடி ஓரமாக வைக்கலாம் என்று மூடுவாய், உடனே தூங்கிப்போகும். மூடினாலும் தூங்காதே என்று லாகின்ட் அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்ற வேண்டும். ஒரே வரி! அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த ராத்திரியில் நீ படிக்கப்போவது எந்த செமஸ்டரிலும் படிக்காதது.

உன் அப்பாவைப் பார். கடலைக்குத் தண்ணீர் கட்டும் நேரத்தில் மோட்டார் நின்றுபோனால் கையைப் பிசைந்துகொண்டா உட்கார்ந்திருக்கிறார்? ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறார், ஃபியூஸைப் பார்க்கிறார், ரிலே விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார், ஒரு ஃபேஸ் வரவில்லை என்று அவரே கண்டுபிடிக்கிறார். எந்த ஐடிஐயில் படித்தார்? தண்ணீர் பாய்ந்தே ஆக வேண்டும், அதனால் திறந்தார். அந்த மனிதரின் பிள்ளை ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுவதா?

அடுத்தது என்ஜினெக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருள். ஒரே கட்டளையில் இன்ஸ்டால் ஆகும். உன் செல்போனை அதே வைஃபையில் வைத்துக்கொண்டு, பிரவுசரில் லேப்டாப்பின் 192.168 என்று தொடங்கும் முகவரியை அடி. வரவேற்புப் பக்கம் விரியும். அதை அழித்துவிட்டு உன் ஊர்ப் பேரைத் தமிழில் எழுதிப் பார். எழுத்தெல்லாம் கிறுக்கலாக வந்தால் கலங்காதே, யூடிஎஃப்-8 என்று பக்கத்தின் தலைப்பகுதியில் அறிவிக்க மறந்திருப்பாய். சேர்த்துவிட்டு மறுபடி திற. கீழ்பென்னாத்தூர் என்று பளிச்சென்று நிற்கும். எந்தக் கம்பெனியிடமும் கணக்குத் தொடங்காமல், யாருக்கும் வாடகை கொடுக்காமல் உன் வீட்டு மெஷின் உன் செல்லுக்கு அனுப்பிய பக்கம் அது. துள்ளிக் குதி, தப்பில்லை.

பிறகு வீட்டுக்கு உபயோகமாக ஏதாவது செய். நெக்ஸ்ட்கிளவுட் போட்டால் பட்டா, சிட்டா ஸ்கேன், கடலை போட்ட செலவுக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் சேரும். கிவிக்ஸ் போட்டால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைக்கலாம். நெட் கட்டானாலும் தெருப் பிள்ளைகள் வந்து படிக்கலாம். 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களையும் அதிலேயே அடுக்கு. கரண்ட் பில் என்று அப்பா கேட்பார், கணக்கோடு பதில் சொல்லு: 20 வாட் என்று வைத்தால் இரவும் பகலும் ஓடி இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்டுக்குள்தான் வரும். வீடுகளுக்கு மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கரண்ட் போனாலும் பழைய பேட்டரி பத்து நிமிடம் தாங்கினால் சர்வரை ஒழுங்காக அணைத்துவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் வேகம் வேண்டாம். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதே. திறந்த சில மணி நேரத்திலேயே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பல இணைப்புகளில் போர்ட்டைத் திறந்தாலும் வேலைக்கு ஆகாது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான் இருக்கும். டெயில்ஸ்கேல், வயர்கார்டு மாதிரி தனி வழி இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்.

ஒரு நாள் எதையோ அழிப்பாய், மெஷின் பூட் ஆகாது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த நாளுக்காகத்தான். மேடையில் கைதட்டச் சொல்லும் பேச்சாளர் கொடுக்கும் தைரியம் பஸ் ஸ்டாண்டு வரும்வரைகூட நிற்பதில்லை. செத்துப்போன ஒரு மெஷினை நீயே எழுப்பினால் வரும் தைரியத்தை யாராலும் பிடுங்க முடியாது. பென்டிரைவ் உன் கையில், கட்டளைகளை எழுதி வைத்த நோட்டு பக்கத்தில், முக்கியமான கோப்புகளின் காப்பி வேறொரு டிஸ்கில். அப்புறம் என்ன பயம்? மறுபடி போடு! முதல் தடவை ஒரு நாள் இழுத்த வேலை அடுத்த தடவை மதியச் சாப்பாட்டுக்குள் முடியும். ஆபீஸில் சேர்ந்தபின் கம்பெனி சர்வரில் இப்படி உடைத்துக் கற்றுக்கொள்ள உன்னை விடமாட்டார்கள், வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். உடைத்துப் பார்க்க முழு உரிமை உள்ள சர்வர் இந்தப் பரண் லேப்டாப் ஒன்றுதான். சின்ன மெஷினில் கற்றது பெரிய மெஷினுக்கு உதவுமா என்று கேட்காதே. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர் அடிப்பதும் நீ அடிக்கும் அதே கட்டளைகளைத்தான்.

இங்கிலீஷ் வராது என்கிறாயா? கணியம் இதழ் 2012-லிருந்து இவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. 'எளிய தமிழில்' என்று தொடங்கும் தலைப்புகளில் து. நித்யா எழுதிய தொழில்நுட்ப நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்கிறாயா? பக்கத்து மாவட்டத்திலேயே விழுப்புரம் ஜிஎன்யு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். எந்தக் காலேஜ், எத்தனை அரியர் என்று அங்கே கேட்க மாட்டார்கள், எங்கே மாட்டிக்கொண்டது என்றுதான் கேட்பார்கள். செஞ்சி போய் அங்கிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் பிடி. லேப்டாப்போடு சார்ஜரையும் மறக்காமல் பையில் போடு, அந்தப் பத்து நிமிட பேட்டரியை நம்பி உட்கார்ந்தால் உன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் திரை அணைந்துவிடும்.