உரிமமும் பொறுப்பும்

துணி விற்பவரும் வணிகர். மது விற்பவரும் வணிகர். இருவரும் முதல் இடுகின்றனர். சரக்கைக் கொள்முதல் செய்கின்றனர். ஊதியம் வைத்து விற்கின்றனர். ஆயினும், துணி வாங்க வருபவரின் வயது என்ன, அவர் வந்த வேளை யாது, வாங்கியதை எங்கே பயன்படுத்துவார் என்று எந்த அரசும் கேட்பதில்லை. மது விற்பவரிடம் மட்டும் இவை யாவும் கேட்கப்படுகின்றன. இக்கேள்விகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பதாக விற்பவர் உறுதி தருகிறார். அவ்வுறுதியின்மேல் அரசு அவருக்கு உரிமம் தருகிறது.

உரிமம் வேறு, உரிமை வேறு. உரிமை மனிதனோடு பிறப்பது. உரிமமோ நிபந்தனையுடன் தரப்படுவது, தவறினால் மீட்டுக்கொள்ளப்படுவது. ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களும் பொருளால் வெகுதொலைவு விலகி நிற்பவை. உரிமம் பெற்றவர் பலர் அதனை உரிமையாகவே எண்ணிவிடுவதுதான் இவ்வாணிகத்தின் முதற்பிழை.

கடைத்தெருவில் நடந்த மது வாணிகம் இன்று இணையத்திற்கும் வந்துவிட்டது. அங்கே உரிமம் ஒருவர் கையில் இருக்கிறது. விற்பனைத் தளம் மற்றொருவர் கையில் இருக்கிறது. புட்டியை வீட்டு வாசலில் கொண்டு சேர்ப்பவர் மூன்றாமவர். ஊதியத்தை இம்மூவரும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதற்கு ஒப்பந்தம் உண்டு. பொறுப்பையும் அவ்வாறே பங்கிட இயலுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

கண்ணும் கதவும்

காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளைக் கூறும் பட்டினப்பாலை, கள் விற்கும் இடத்துக் கொடியையும் விட்டுவிடவில்லை. விற்பவர் தம்மை மறைத்துக்கொள்ளாமல் ஊரறியக் கொடி கட்டி விற்ற காலம் அது. கொடி இருந்தால் கடை இருக்கும். கடை இருந்தால் வருபவரைக் காணும் கண்ணும், வேளை முடிந்ததும் அடைக்கும் கதவும் இருக்கும். மது விற்பனை குறித்த சட்டங்கள் பலவும் இந்தக் கண்ணையும் கதவையும் நம்பி எழுதப்பட்டவையே.

சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. அதனை ஆராய்ந்த விசாரணைக் குழு, கலவரத்திற்குத் துணைநின்ற காரணங்களுள் மதுவும் ஒன்று எனக் கண்டது. பின்னர் 2015இல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை கடைகளில் மதுவை வாங்கிச் செல்வதும், பொது இடங்களில் அருந்துவதும் தடுக்கப்பட்டன. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கட்டுப்பாடு மிகுந்த வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இவை கதவைப் பற்றிய விதிகள். மது வாங்குவதற்கு மலேசியாவில் 18ஆக இருந்த வயது வரம்பு 2017 டிசம்பர் 1 முதல் 21ஆக உயர்ந்தது. இது கண்ணைப் பற்றிய விதி. எதிரே நிற்பவர் இளைஞரா, முதியவரா, தன்னிலையில் இருப்பவரா, தள்ளாடுபவரா என்பதை விற்பவரின் கண்தான் அளந்தறிய வேண்டும்.

மூன்று கைகள்

இணையத்திற்குக் கதவும் இல்லை, கண்ணும் இல்லை. எனவே, அவற்றிற்கு ஈடாக வேறு ஏற்பாடுகள் தேடப்படுகின்றன. உரிமம் பெற்ற கடைக்காரர் தாமே இணையத்தில் கடை விரித்துத் தம் ஊழியர் வழியாகவே கொண்டுசேர்ப்பது ஒரு முறை. உரிமம் பெற்ற கடைகளைப் பெரிய விற்பனைத் தளம் ஒன்று தன்பால் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு விற்பனைக்கும் கட்டணம் பெறுவது மற்றொரு முறை. முதல் முறையில் பொறுப்பு ஓரிடத்தில் நிற்கிறது. இரண்டாம் முறையில் அது மூன்று இடங்களுக்குச் சிதறுகிறது.

இதற்கு 2020ஆம் ஆண்டு இந்தியா நல்ல சான்று. கொரோனாப் பெருந்தொற்றின்போது மதுக்கடைகளின் முன் மக்கள் நெருக்கியடித்து நின்றனர். அவ்வாண்டு மே 8ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், ஊரடங்கு முடியும் வரை டாஸ்மாக் கடைகளை மூடவும் இணையவழி விற்பனைக்கு மட்டும் வழிவிடவும் ஆணையிட்டது. ஒரு வாரத்தில் உச்சநீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் சார்க்கண்ட் மாநிலத் தலைநகர் ராஞ்சியில், உணவு கொண்டுசேர்க்கும் சுவிகி நிறுவனம் மதுவையும் வீடுகளுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கியது. வாங்குபவர் தம் அடையாள அட்டையின் படத்தையும் முகத்தின் படத்தையும் அனுப்ப வேண்டியிருந்தது. பெறும்போது கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கூற வேண்டியிருந்தது. ஒருவர் வாங்கும் அளவுக்கும் வரம்பு இருந்தது. கடைக்காரரின் கண் இவ்வாறு ஒரு படமாகவும் ஓர் எண்ணாகவும் மாறியது.

இத்தகைய விற்பனையை ஆதரிப்போர் கூறுவனவற்றைத் தள்ளிவிட இயலாது. கடைமுன் கூட்டம் குறையும்; குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோர் தொகை குறையலாம்; வயது வந்தவர் தம் வீட்டில் அருந்துவதைத் தடுக்கப் பிறர்க்கு உரிமை இல்லை; பதிவேடே இல்லாத பழங்கடையைவிட ஒவ்வொரு விற்பனையும் பதிவாகும் இணையம் மேலானது. இவை யாவும் எண்ணத்தக்க வாதங்களே. ஆயினும் இவை வாங்குபவரைப் பற்றியும் விற்கும் முறையைப் பற்றியும் பேசுகின்றனவே அன்றி, பிழை நேர்ந்தவிடத்து யார் விடைகூறுவது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

தோட்டம் கற்பித்த பாடம்

மலாயாத் தமிழருக்கு இவ்வினா புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்ட எல்லைக்குள்ளேயே அரசின் உரிமத்துடன் கள்ளுக்கடைகள் இயங்கின. தொழிலாளி பெற்ற கூலியின் ஒரு பகுதி அக்கடைகளிலேயே கரைந்தது. அரசைக் கேட்டால் சட்டப்படி உரிமம் தந்ததாகக் கூறலாம். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் அரசின் உரிமம் இருப்பதைக் காட்டலாம். விற்றவரைக் கேட்டால் குடிப்பவன் கேட்டதால் ஊற்றியதாகக் கூறலாம். இறுதியில் குற்றம் முழுவதும் குடித்தவன் தலையில் வந்து விழும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினர். இக்கோரிக்கையின் நுட்பம் எண்ணத்தக்கது. குடிப்பவனைத் திருத்துக என்று அவர்கள் கேட்கவில்லை. விற்கும் ஏற்பாட்டையே நீக்குக என்று கேட்டனர். பழி எங்கே நிற்க வேண்டும் என்பதை ஏட்டுக்கல்வி மிகுதியாகப் பெறாத அம்மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம். அதன் பத்துக் குறள்களும் உண்பாரையே நோக்கி நிற்கின்றன. விற்பார் அங்கே தோன்றவில்லை. ஆனால், புலால் மறுத்தலைக் கூறும் அதிகாரத்தில் உண்பாரும் விற்பாரும் ஒருவரையொருவர் சார்ந்திருப்பதை வள்ளுவர் சுட்டிவிடுகிறார். ஆதலின், நுகர்வோரோடு விற்போரையும் சேர்த்து எண்ணுவது தமிழறத்திற்குப் புறம்பானதன்று.

வாசலில் நிற்பவர்

ஊதியம் பங்கிடத் தக்கது; நூறு வெள்ளியை மூவர் பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துவிடும். பொறுப்பு அத்தகையதன்று. மூவர் சேர்ந்தும் தனித்தும் ஏற்றுக் கையொப்பமிட்ட கடனை, கடன் கொடுத்தவர் எவரிடமும் முழுமையாகக் கேட்கலாம். அறத்தின் கணக்கும் அதுவே. ஒரு சிறுவன் கையில் மதுப்புட்டி சேருமாயின், அதில் மூன்றில் ஒரு பங்கு பிழை மட்டும் செய்தவர் என்று எவரும் இல்லை.

எனினும், பொறுப்பு முழுமையானது என்று கூறிவிட்டு நின்றால் அது பாதி நீதியே ஆகும். பொறுப்பு இருக்கும் இடத்தில் ஆற்றலும் இருத்தல் வேண்டும். வாசலில் நிற்பவரின் நிலையை எண்ணுக. கதவைத் திறப்பவன் மீசை அரும்பிய இளைஞன். பொருளுக்குச் சொன்னவர் அவன் தமையன். அவரோ வீட்டில் இல்லை. இரகசிய எண் சரியாக இருக்கிறது, ஆள்தான் வேறு. கொடுப்பதா, மறுப்பதா என்பதை அந்த ஊழியர் ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். கொண்டுசேர்த்த பொருளுக்கு மட்டுமே கூலி எனில், மறுத்தால் அவர் கூலியை இழக்கிறார். புட்டியைத் திரும்பக் கொண்டுசெல்லும் நேரத்தையும் இழக்கிறார். வாடிக்கையாளரின் குறைகூறலுக்கும் ஆளாகிறார். கொடுத்துவிட்டால் அவருக்கு அன்று எந்த இழப்பும் இல்லை. மனச்சான்றுக்கு விலை வைத்து, அவ்விலையை வருவாய் குறைந்தவர் தலையில் கட்டும் ஏற்பாடு இது.

தளத் தொழிலாளர்களைத் தனிப்பிரிவினராக ஏற்று, அவர்தம் சேமநிதிக்கும் விபத்து இழப்பீட்டிற்கும் வகை செய்யும் சட்டம் சிங்கப்பூரில் 2025 சனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. உடலுக்கு நேரும் காயத்திற்கு இழப்பீடு உண்டு என்னும் அளவிற்குச் சட்டம் வந்திருக்கிறது. மனச்சான்றின்படி மறுத்தவருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது கூட்டாளிகளின் கடமை.

ஆகவே, மது வாணிகத்தில் ஒரு கூட்டு நேர்மையானதா என்பதை அறிய, உரிமத்தின் வகையையும் கட்டணத்தின் விகிதத்தையும் மட்டும் பார்ப்பது போதாது. அக்கூட்டில் உள்ள ஒவ்வொருவரும் தமக்கு இழப்பின்றி 'கொடுக்கமாட்டேன்' என்று கூற இயலுமா என்று பார்க்க வேண்டும். மறுத்துத் திரும்பிய ஊழியருக்கு முழுக்கூலி கிடைக்குமா? அம்மறுப்பு அவர் மதிப்பெண்ணைக் குறைக்காதிருக்குமா? மறுக்கும் ஊழியரை மதிக்கும் தளத்தோடு மட்டுமே இணைவேன் என்று உரிமம் பெற்றவர் நிபந்தனை இடுவாரா? இவற்றிற்கு ஆம் என்னும் விடை கிடைக்குமிடத்தில் கண்ணும் கதவும் வேறுருவில் உயிர்பெற்றுவிடும்.

உரிமத்தின் நிபந்தனைகளை ஏற்றுக் கையொப்பமிட்டவர் ஒருவர். அந்நிபந்தனைகளுள் கடைசியானது நிறைவேறுவதோ, பின்னிரவில் மழையில் நனைந்தவாறு வாசலில் நிற்கும் மற்றொருவரின் கையில். மறுக்கும் ஆற்றலை அவருக்கு அளிக்காமல் பொறுப்பை மட்டும் அளிப்பதற்குக் கூட்டாண்மை என்று பெயரிடலாகாது.