சான்று வரும்வரை

ஓர் உண்மை ஐயந்திரிபற நிரூபிக்கப்படும்வரை அதனை ஏற்கலாகாது என்று மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம். மூடநம்பிக்கை மலிந்த சமுதாயத்தில் அவ்வாறு கற்பிப்பது அவசியமுங்கூட. ஆனால், சான்றுக்காகக் காத்திருப்பவர் ஒருவர், அக்காத்திருப்பில் உயிரிழப்பவர் வேறொருவர் என்றால்? எயிட்ஸ் நோயின் முதற் பத்தாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இது ஏட்டளவிலான வினாவாக இருக்கவில்லை.

1981 யூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகர இளைஞர் ஐவரைப் பற்றி வெளியான குறிப்பே இந்நோய் குறித்த முதல் மருத்துவ அறிக்கை. ஐவரையும் பீடித்திருந்தது நியூமோசிஸ்டிஸ் எனும் நுண்ணங்கியால் வரும் நியுமோனியா. நலமுள்ளவரை அது வருத்துவதில்லை. நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவரின் நுரையீரலையே பற்றுகிறது. பின்வந்த ஆண்டுகளில் எயிட்ஸ் நோயாளர் பெருந்தொகையினரைக் கொன்றது அதுவே.

அதனைத் தடுக்கும் வழியோ முன்னரே தெரிந்திருந்தது. 1977இல் மெம்பிஸ் நகரில் வோல்டர் ஹியூஸ் என்ற வைத்தியரும் அவர்தம் குழுவினரும், பெரும்பாலும் புற்றுநோயுற்ற சிறுவர்களுக்குக் கோட்ரைமொக்ஸசோல் என்னும் மருந்தை நாள்தோறும் வாய்வழியே கொடுத்துப் பார்த்தனர். மருந்து பெற்ற 80 பேரில் ஒருவருக்கேனும் இந்நியுமோனியா வரவில்லை. பெறாத 80 பேரில் 17 பேருக்கு வந்தது. அது எங்கும் கிடைக்கும் மலிவான குளிசை.

1987 மே மாதத்தில், பாடகரும் எயிட்ஸ் நோயாளருமான மைக்கல் கலென் என்பார் மத்திய அரசின் ஆராய்ச்சி அதிகாரிகளைச் சந்தித்தார். தடுப்பு மருந்து கொடுக்குமாறு வைத்தியர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிடுங்கள் என்பதே அவர் கோரிக்கை. எயிட்ஸ் நோயாளரிடையே செய்த பரிசோதனையின் சான்று வேண்டுமென்று மறுமொழி வந்தது. வழிகாட்டி வெளியானது 1989 யூனில்.

அதிகாரிகளின் தயக்கத்துக்குக் காரணமே இல்லையெனல் நேர்மையாகாது. எயிட்ஸ் நோயாளரிற் பலருக்கு இம்மருந்தால் காய்ச்சலும் தோற்கொப்புளங்களும் உண்டாயின. 1988இல் வெளியான ஆய்வொன்றில் மருந்து பெற்றோரிற் பாதிப்பேர் இத்தகைய உபாதைகளுக்கு உள்ளாயினர். ஆயினும் அதே ஆய்வில், மருந்து உட்கொண்ட காலத்தில் 30 பேரில் எவருக்கும் நியுமோனியா வரவில்லை. உட்கொள்ளாத 30 பேரில் 16 பேருக்கு வந்தது. கொப்புளம் கண்டால் குளிசையை நிறுத்திவிடலாம். மூச்சு நின்றபின் எதை நிறுத்துவது?

சான்று தானாக வந்து சேர்வதில்லை. பணமும் ஆளும் ஒதுக்கி எவரேனும் அதைத் தேடவேண்டும். தேடும் வலிமை படைத்தவர்களே 'சான்று எங்கே?' என்று நோயாளியை வினவினர் என்பதுதான் நம்மை உறுத்துகிறது. 1987 மார்ச்சில் அங்கீகாரம் பெற்ற ஏஇசட்டி என்னும் மருந்துக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 10,000 டொலர். அதன் சான்றைத் திரட்ட ஒரு கம்பனி முன்னின்றது. பழைய, மலிவான குளிசைக்காக முன்னிற்க எந்த முதலாளி வருவான்? நோயாளரிற் பலர் சமுதாயம் இகழ்ந்தொதுக்கிய தன்பாற் சேர்க்கையாளராகவும் போதைமருந்துக்கு அடிமையானோராகவும் இருந்தமை அவசரத்தை மேலும் குறைத்தது என்றே கருதுகிறோம்.

இக்காத்திருப்பு அமெரிக்காவோடு ஓயவில்லை. ஆபிரிக்காவில், பல கிருமிகள் இக்குளிசைக்குப் பணிவதில்லை; ஆதலால் அங்கு அது பயன்படுமோ என்ற ஐயம் நிலவியது. சாம்பியாவில் எச்.ஐ.வி. தொற்றிய 541 சிறுவரிடையே நடந்த பரிசோதனை 2004இல் வெளியாயிற்று. மரணம் 43 சதவீதம் குறைந்ததைக் கண்டு அதனை இடைநடுவே நிறுத்தினார்கள். அதுவரை, அச்சிறுவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் விழுங்கியது மருந்தில்லாத வெற்றுக் குளிசை.