கிணற்றடிப் பிலா

இஞ்சிவிளை தாண்டிக் களியக்காவிளை வந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. பலகைகளில் எழுத்து மாறுகிறது; மதிலுக்கு மேல் தலைநீட்டும் பிலாமரங்கள் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழ்நாட்டின் மாநிலக் கனி பலா. 2018 மார்ச்சில் கேரளமும் அதையே தன் மாநிலப் பழமாக அறிவித்தது. தமக்கென்று ஓர் அடையாளம் தேடிப் புறப்பட்ட இரண்டு அரசுகளும் ஒரே மரத்தடிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்குச் சிரிப்புதான் வருகிறது, குறையொன்றும் இல்லை.

*

சக்கையை, அதாவது பலாவை, முதலில் வருக்கை, கூழன் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். வருக்கையின் சுளை கடித்தால் முறியும். கூழன் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும். ஆனால் விஷயம் அங்கே முடிவதில்லை. பலா அயல் மகரந்தத்தில் காய்ப்பது. தேனாய் இனித்த வருக்கையின் கொட்டையை நட்டாலும் கூழன் முளைக்கலாம், சப்பென்றும் இருக்கலாம். கொட்டை போட்டு வளர்ந்த ஒவ்வொரு மரமும் தனி. பாறசாலையில் ஏதோ ஒரு வீட்டுப் பின்முற்றத்தில் நிற்பதைப்போல் இன்னொன்று உலகத்தில் கிடையாது. அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. கிணற்றடிப் பிலா, தொழுத்தடிப் பிலா என்பார்கள். தின்று வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு போதும்.

தனித்தன்மையை அபூர்வம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இந்த வீட்டுப் புரையிடங்களில் அது மலிந்து கிடக்கிறது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் நாக்குக்குத்தான் பஞ்சம்.

*

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு. எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பிவந்த திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது கதை. அது வருக்கையா கூழனா என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

*

பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பி.பி.ஐ. 1 ரகம், முளகுமூட்டு நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. வருடத்தில் இரண்டு தடவை காய்க்கும். யார் வீட்டு மரமாகவோ நின்றது, இன்று ஒட்டுக்கன்றாகப் பல தோட்டங்களில் அச்சு மாறாமல் நிற்கிறது. தனியாக இருந்ததாலேயே கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதால் தனியாக இல்லாமல் ஆகிவிட்டது. தப்பில்லை. விற்கிறவருக்கு என்ன காய்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

எனக்கு ஒரு மரத்துக்கு மட்டும் இடம் இருந்தால் கொட்டையைத்தான் புதைப்பேன். ஏழெட்டு வருடம் ஆகும். கூழனே காய்த்தாலும் போகட்டும், இலையப்பத்துக்கு ஆகும்.